படுத்திருப்பவர் சொல்லட்டும்

வாயைத் திறக்காத மனிதர்களோடு எனக்கு ஒத்துவராது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆட்டோ ஓட்டிய காலத்தில் ஏறுகிற ஆள் இறங்குவதற்குள் அவர் வீட்டில் அன்றைக்கு என்ன குழம்பு என்பது வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொண்டுவிடுவேன். யார் என்ன சொன்னாலும் அது எனக்கு வேண்டும். நல்ல பேச்சு ஒன்று காதில் விழுந்தால் அன்றைக்குச் சவாரி குறைந்தாலும் பரவாயில்லை என்று இருக்கும். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் ஒரு நர்ஸ் சிஸ்டருக்கு டிரைவராகப் போட்டார்கள்.

அவர் பேசாதவர் என்று சொல்லமுடியாது. நன்றாகவே பேசுவார். திருமங்கலம் ரோட்டில் போகும்போது எந்த வயலில் என்ன போட்டிருக்கிறார்கள், எந்த மரம் போன மழையில் சாய்ந்தது, எந்தக் கடையில் வடை ஊசிப்போனது என்று வாய் ஓயாது. ஆனால் ஒரு வீட்டுக்குள் போய்விட்டு வந்து வேனில் ஏறி உட்கார்ந்தபின், அந்த வீட்டைப் பற்றி ஒரு சொல் வராது.

"என்ன சிஸ்டர், பெரியவரு எப்படி இருக்காரு?"

"வெயிலு இப்பவே இந்தப் போடு போடுதுண்ணே."

"மருமக ஏதோ கத்துற சத்தம் கேட்டுச்சே?"

"டீ குடிப்பமாண்ணே?"

அவ்வளவுதான். நான் எம்புட்டோ கெட்டிக்காரத்தனமாகக் கொக்கி போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் மாட்டாது.

அது ஒரு தொண்டு நிறுவனத்தின் பழைய ஆம்னி வேன். வீட்டைவிட்டு வெளியே வரமுடியாமல் படுக்கையோடு இருக்கிறவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் சிஸ்டரின் வேலை. படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவார், மூத்திரக் குழாய் மாற்றுவார், எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, எப்படிக் கஞ்சி கொடுத்தால் புரையேறாது என்று வீட்டு ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். திருநகர், பசுமலை, திருப்பரங்குன்றம், அதைத் தாண்டி வயக்காட்டுக்குள் இருக்கிற ஊர்கள் எல்லாம் எங்கள் பக்கம். சிஸ்டருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். குட்டையான உடம்பு. வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் கையில் ஒரு குடை. கட்டில் பக்கத்தில் யார் நாற்காலி எடுத்துப் போட்டாலும் உட்காரமாட்டார். தரையில் சம்மணம் போட்டு, படுத்திருப்பவரின் முகத்துக்கு நேராகத் தன் முகம் வருகிற மாதிரி உட்கார்ந்துகொள்வார்.

புதுவீடு என்றால் முதலில் போன் வரும். அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே நான் வண்டியை மெதுவாக ஓட்டுவேன்.

"சிஸ்டரா? எங்க வீட்ல ஒருத்தருக்குக் கொஞ்சம் முடியல."

"யாருக்கும்மா?"

"வேண்டப்பட்டவங்கதான்."

"எந்திரிச்சு நடமாடுறாகளா?"

"நடமாட்டம்னா... அப்படி ஒண்ணும் இல்ல."

"முதுகுல புண்ணு எதுவும்?"

"சேச்சே, புண்ணெல்லாம் இல்ல சிஸ்டர். லேசாக் குழி விழுந்திருக்கு."

சிஸ்டர் சிரிக்கமாட்டார். நிதானமாகச் சொல்வார்: "ஆஸ்பத்திரியில குடுத்த சீட்டு இருந்தா எடுத்து வைங்க. இல்லாட்டியும் பாதகமில்ல, வந்து பார்த்துட்டு நானே டாக்டர்கிட்ட பேசிக்கிறேன். நீங்கதான் கூப்பிடணும்னும் இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாலும் வருவேன், பால்காரர் சொன்னாலும் வருவேன். ஆனா ஒண்ணு. போனை அவுககிட்ட குடுங்க."

"யார்கிட்ட?"

"படுத்திருக்கவுககிட்ட."

இந்த இடத்தில் எல்லா வீட்டிலும் ஒரு திகைப்பு வரும். "அவருக்கு என்ன தெரியும் சிஸ்டர், அதான் நாங்க சொல்றோம்ல?" என்பார்கள்.

"நீங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டேன். அவுக சொல்லட்டும், வாரேன்."

இதை அவர் சட்டம் மாதிரி வைத்திருந்தார். திருமங்கலம் பக்கம் ஒரு ஊரில் இடுப்பெலும்பு முறிந்த ஒரு அம்மா கிடந்தார். மகன்தான் போன் செய்து கூப்பிட்டான். சிஸ்டர் வாசலில் நின்று, "அம்மா, நான் உள்ள வரலாமா?" என்று கேட்டால், "போடி" என்று உள்ளிருந்து சத்தம் வரும். மகன் கையெடுத்துக் கும்பிட்டான். "அது கெடக்கு கிறுக்கு, நீங்க வாங்க சிஸ்டர்." இவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. திரும்பிவிட்டார். அடுத்த வாரம் போனார். மறுபடி "போடி." அதற்கடுத்த வாரமும் போனார். நான் பெட்ரோல் கணக்கு நினைத்து நொந்துகொண்டிருந்தேன். கடைசியில் ஒருநாள் உள்ளிருந்து, "உனக்கு வேற சோலியே இல்லையா? வந்து தொலை" என்று கேட்டது. சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கலெக்டர் கையால் மெடல் வாங்கியவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

பின்னால் அந்த அம்மா இவரைத் தவிர யாரையும் தொடவிடவில்லை என்பது வேறு கதை.

உள்ளே போவதற்கு மட்டுமில்லை இந்தச் சட்டம். வெளியே வருகிற சொல்லுக்கும் இதேதான். "படுத்தவுக ஒண்ணு சொல்றாகன்னா, அது அவுகளோடதுண்ணே. அதை நான் எடுத்து வெளிய செலவு பண்ணக்கூடாது" என்று ஒரே ஒரு தடவை எனக்கு விளக்கம் சொன்னார். திருப்பரங்குன்றத்தில் அண்ணன் கீழே, தம்பி மாடியில். சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். தம்பி மாடியிலிருந்து இறங்கிவந்து தெருவில் சிஸ்டரை மறித்து, "எப்படி இருக்கான் அவன்?" என்று கேட்டார். "இன்னைக்கு மாடியேறுறதுக்கே மூச்சு வாங்குதுல்ல சார்?" என்றார் இவர். "நீங்க எங்கம்மா மாடியேறுனீக?" என்று அந்த ஆள் விழித்தார். பிறகு சிஸ்டர், "நீங்களே உள்ள போய்க் கேட்டாத்தான் என்ன? கதவு தொறந்துதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். தம்பி போனாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. சிஸ்டருக்குத் தெரியும்.

எல்லாப் போனும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் முடியும். "வேன்ல எதுவும் எழுதியிருக்குமா சிஸ்டர்?"

எழுதியிருக்கும். பக்கவாட்டில் பெரிய எழுத்து, ஒரு கை இன்னொரு கையைத் தாங்குகிற படம். அதனால் பிள்ளையார் கோயில் பக்கம் நிறுத்துங்கள், ரேஷன் கடைப் பக்கம் நிறுத்துங்கள், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள் என்பார்கள். நம்ம ஊரில் காய்ச்சல் என்றால் ரொட்டி வாங்கிக்கொண்டு தெருவே வந்து பார்க்கும். படுக்கை என்றால் ஜன்னலை அடைத்துவிடுவார்கள். "அந்த வீட்ல ஆள் கெடக்கு" என்று பேராகிவிட்டால் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். கிடக்கிற ஆளை யார் பார்ப்பது என்ற பயம் ஒரு பக்கம். அந்த நோய் ரத்தத்தில் இருக்குமோ என்ற பயம் இன்னொரு பக்கம். பசுமலையில் ஒரு வீடு இருந்தது. பக்கவாதத்தில் பேச்சுப் போய், வலதுபக்கம் விழுந்து கிடக்கிற பெரியவர். அந்த வீட்டம்மா எங்கள் வேனைத் தெருவுக்குள்ளேயே விடமாட்டார். மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு சிஸ்டர் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் போவார். யாரோ சொந்தக்காரி வந்துபோகிற மாதிரி.

இப்போது கண்டக்டரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

திருநகரில் இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மொட்டைமாடித் தொட்டியில் அடைப்பு எடுக்கப்போய் சன்ஷேடில் விழுந்து, அங்கிருந்து தரையில் விழுந்து, இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. மனைவியும் ஒரே மகளும். மகள் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், அவள்தான் போன் செய்தாள். சிஸ்டர் வழக்கம்போல "அப்பாகிட்ட குடும்மா" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், வண்டியைக் கிளப்புகிற அதே கணீர்க் குரல்: "ரைட், வரச்சொல்லு!"

எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துவிட்டது. அவரைத் தூக்கிப் புரட்ட ஆள் வேண்டும் என்பதால் அந்த வீட்டுக்குள் மட்டும் நானும் போவேன். எதற்கும் அவரிடம் ஒரு பேச்சு இருக்கும். மூத்திரப் பையைக் காட்டி, "டிரைவர் சார், சர்வீஸ் பூரா தோள்ல ஒரு பை தொங்குச்சு. ரிட்டையர் ஆனப்புறமும் விடல பாருங்க, கட்டில்ல வந்து தொங்குது" என்பார். சிஸ்டர் புண்ணைச் சுத்தம் செய்யும்போது, "உள்ள எடம் கெடக்கா சிஸ்டர்?" என்று கேட்பார். "இருந்துச்சு, இப்பக் கொறைஞ்சிருச்சு" என்பார் இவர். "கொறைஞ்சாலும் இன்னும் நாலு டிக்கெட் ஏத்தலாம்!" மகள் சிரித்துக்கொண்டே பஞ்சு எடுத்துக்கொடுப்பாள். கட்டுப் போடுவதை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டாள்.

நிஜமாகவே குறைந்துகொண்டுதான் வந்தது. முதலில் போனபோது நான் பார்த்துவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அப்பேர்ப்பட்ட புண். சில மாதங்களில் சிவப்பாகச் சதை கூடி ஓரம் சேர்ந்துவந்தது. அப்போதுதான் மகளுக்கு வரன் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் போனபோது கண்டக்டருக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் கைவைத்த நாற்காலி ஒன்றைப் போட்டு, அதன்மேல் பட்டுத்துணி விரித்திருந்தது.

"பொண்ணு பாக்க வாராக சிஸ்டர்," என்றார் அவர் மனைவி. "கால் பிசகியிருக்குன்னு சொல்லி வச்சிருக்கோம். கொஞ்ச நேரம் உக்காந்தாப் போதும்."

"உக்காரவே கூடாதுக்கா. இப்பத்தான் அந்த எடத்துல சதை புடிச்சிருக்கு. உக்காந்தா எல்லாம் நசுங்கிப்போகும்."

"தகப்பன்காரர் படுத்துக்கிட்டே 'வாங்க'ன்னு சொன்னா, வந்தவுக செருப்பைக் கழட்டுவாகளா?"

சிஸ்டர் கட்டில் பக்கம் தரையில் உட்கார்ந்தார். "நீங்க சொல்லுங்க."

கண்டக்டர் மகளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

"ரைட் சிஸ்டர்," என்றார் அவர். "உக்கார வைங்க."

நானும் சிஸ்டரும்தான் தூக்கி உட்காரவைத்தோம். இரண்டு தலையணை, காற்றடைத்த வளையம், இடுப்பைச் சுற்றி ஒரு துண்டு. பையை நாற்காலிக்குப் பின்னால் கட்டிப் பட்டுத்துணியால் மறைத்தார் சிஸ்டர். கைகளை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கிக்கொள்ளச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் வருமுன் பின்வாசல் வழியாக வெளியேறினோம். வண்டியில் நான் ஏதோ கேட்டேன். "வெயிலு," என்றார்.

வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்களாம். கண்டக்டர் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்திருக்கிறார். அடுத்து நாங்கள் போனபோது பெருமை தாங்கவில்லை அவருக்கு. "சம்பந்தியம்மா என்ன தங்கமான மனுசி தெரியுமா! அவுகளுக்கு நம்ம ரூட் பஸ்ஸெல்லாம் அத்துப்படி. பேச்சு சுவாரசியத்துல கையை ஊன்ற நெனப்பே வரல. வலிக்கவே இல்ல சிஸ்டர்!"

"உங்களுக்கு வலிக்காதுண்ணே. அதான் ஆபத்து," என்றார் சிஸ்டர் கட்டைப் பிரித்துக்கொண்டே. சிவப்பாக இருந்த இடம் கறுத்திருந்தது.

மனைவி பக்கத்தில் நின்றுகொண்டு தன்போக்கில் பேசிக்கொண்டிருந்தார். "எல்லாம் நல்ல எடம்தான். பசுமலையில சொந்த வீடு. என்ன, மாப்பிள்ளையோட அப்பாதான் வரல. மெட்ராஸ்ல மக வீட்ல இருக்காராம். நிச்சயத்துக்கும் வரத் தோதுப்படாதாம். பெத்த மகன் கல்யாணத்துல இம்புட்டுத்தான் அக்கறை."

சிஸ்டர் துணியை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் ஒரு நொடி நின்றது. பிறகு வெட்டியது.

நிச்சயதார்த்தத்துக்கும் கண்டக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் மனைவி சிஸ்டரை வாசலிலேயே நிறுத்திவிட்டார். கல்யாணம் முடிகிறவரை வரவேண்டாம், மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்துபோகிறார்கள், யாராவது பார்த்துவிட்டால் எல்லாம் போச்சு என்றார். மகள்தான் கட்டுப்போடப் பழகிவிட்டாளே, அவள் பார்த்துக்கொள்வாள்.

சிஸ்டர் உள்ளே போய்க் கேட்டார். நான் கூடவே இருந்தேன்.

"நான் வராம இருந்தா இந்தப் புண்ணு உங்களைக் கொண்டுபோயிரும். தெரிஞ்சு சொல்லுங்க."

"கல்யாணம் முடியட்டும் சிஸ்டர். முடிஞ்ச மறுநாள் நானே போன் போடுறேன்."

"அப்பா, அவுக வரட்டும்ப்பா," என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. ரைட் சொல்றது நான்."

சிஸ்டர் கட்டுத்துணி, மருந்து எல்லாவற்றையும் மகளிடம் கொடுத்தார். காய்ச்சல் அடித்தாலோ நாற்றம் வந்தாலோ உடனே கூப்பிடு என்றார். அந்த வாரத்திலேயே பசுமலை வீட்டம்மாவும் வீட்டில் விசேஷம், கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். கல்யாண சீசன் வந்தால் நம்ம பேஷண்டு எல்லாம் காணாமல்போய்விடுகிறார்கள் சிஸ்டர் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் மகள் போன் செய்தாள். அழுதுகொண்டே பேசினாள். அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு அடித்ததாம், கூப்பிடவே கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தாராம். நாங்கள் போனபோது வாசலிலேயே நாற்றம் அடித்தது. கண்டக்டருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. முதன்முதலாக வேனை அந்த வீட்டு வாசலிலேயே நிறுத்தினேன். தெரு முழுக்க வெளியே வந்து பார்த்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். நான்கு நாள் கிடந்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார்.

துட்டி கேட்க நானும் சிஸ்டரும் போனோம். வாசலில் சாமியானா போட்டிருந்தது. கூடத்தில் பெண்கள். நான் நிலைப்படியில் நின்றேன். சிஸ்டர் உள்ளே நுழைந்ததும், கண்டக்டர் மனைவியின் தோளைப் பிடித்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்துவிட்டார்.

"சிஸ்டர்! நீங்க எங்க இங்க? எங்க வீட்டுக்குப் போயிட்டா வாரீக? அவருக்கு எதுவும்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். வேனிலிருந்து நான் தெருமுக்கு வரைக்கும்தான் பார்த்திருக்கிறேன், அந்தப் பசுமலை வீட்டம்மாவின் முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறேன்; கண்டக்டர் சொன்ன சம்பந்தியம்மாவும் அவர்தான்.

"உங்களுக்கு எப்படி இவுகளத் தெரியும்?" என்றார் கண்டக்டர் மனைவி.

பக்கத்துவீட்டுக்காரி ஒருத்தி விவரம் தெரியாமல் சொன்னாள்: "இவுக படுக்கையில கெடக்கவங்களப் பாக்குற நர்சுல்ல?"

"அப்ப அவரு மெட்ராஸ்ல இருக்காருன்னது...?" என்றார் கண்டக்டர் மனைவி.

"அப்ப இவருக்குக் கால் பிசகியிருக்குன்னது...?" என்றார் பசுமலையம்மா.

அந்தக் கூடத்தில் அழுகை நின்றுபோனது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் யாரையும் ஏசமுடியாது. பிறகு இரண்டு பேரும் ஒன்றாக சிஸ்டர் பக்கம் திரும்பினார்கள்.

"செல்லுல போட்டோவைக் காட்டுனேனே சிஸ்டர்," என்றார் பசுமலையம்மா. "இந்தப் பொண்ணுதான், எப்படி இருக்குன்னு கேட்டேனே. நல்லாருக்காகன்னு சொன்னீகளே!"

"நல்லாத்தானே இருக்காக," என்றார் சிஸ்டர் மெதுவாக.

கண்டக்டர் மனைவி எழுந்து வந்து சிஸ்டரின் கையைப் பிடித்தார். பிடித்தது இல்லை அது, இறுக்கியது. "தெரியும்ல உனக்கு? அங்கயும் ஒருத்தர் கெடக்காருன்னு தெரியும்ல? ஒரு வார்த்தை. 'அக்கா, அவுக வீட்லயும் இப்படித்தான்'னு ஒரே ஒரு வார்த்தை. எதுக்குடி நான் அந்த மனுசனை நாற்காலியில உக்காரவச்சேன்? யாருக்குப் பயந்து உக்காரவச்சேன்?"

சிஸ்டர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பசுமலையம்மா இதற்குள் சுதாரித்துக்கொண்டுவிட்டார். மூலையில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார், முதலில் முகத்தை, பிறகு கைகளை. "அப்ப அப்பாவுக்குக் கட்டுப் போட்டது, தொடச்சுவிட்டது எல்லாம் பொண்ணுதானா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டார். ஆமாம் என்று அவள் சொன்னாள்.

திரும்பிவரும்போது எனக்கு அடக்கமுடியவில்லை. "தெரிஞ்சுக்கிட்டே எப்படி சிஸ்டர் வாயை மூடிக்கிட்டு இருந்தீக? நான்னா தெருவுல நின்னு கத்தியிருப்பேன்."

வெயிலைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"கேட்டேண்ணே. பின்ன கேக்காம இருப்பேனா? நீங்க வண்டிக்குப் போயிருந்தப்ப கண்டக்டரண்ணன்கிட்ட, உங்க நெலமையை மாப்பிள்ளை வீட்ல நானே போய்ப் பக்குவமாச் சொல்லட்டுமான்னு கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டாரு. உங்க காலப் புடிக்கிறேன், சொல்லிராதீகன்னாரு. பசுமலையில அந்தப் பெரியவர்கிட்டயும் கேட்டேன். அவருக்குத்தான் பேச்சு இல்லையே. கண்ணை மூடிக்கிட்டு மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு."

"அவுக சொன்னா? உசுரு போகுதுல்ல!"

"நான் சொல்லியிருந்தா இந்த ரெண்டு வீடும் பொழைச்சிருக்கும்ணே. அதுக்கப்புறம் எந்த வீட்ல என்னைய நம்பிக் கதவத் தொறப்பாக? அடைச்ச ஜன்னலுக்குப் பின்னாடி எத்தனை பேர் கெடக்காகன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

நியாயம்தான். அன்றைக்கும் நியாயமாகத்தான் பட்டது, இன்றைக்கும் படுகிறது. ஆனால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கண்டக்டர் என்றால் எனக்கு அந்த "ரைட்" என்கிற குரல்தான். நிறுத்தச்சொல்லி விசிலடிக்க ஒரு ஆள் அந்த வண்டியில் இருந்தார். அந்த சிஸ்டர், படுத்திருப்பவர் சொல்லட்டும் என்று இருந்துவிட்டார்.

கல்யாணம் நின்றுபோகும் என்று தெருவே பேசியது. நிற்கவில்லை. பசுமலையம்மாதான் அவசரப்படுத்தினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, திருப்பரங்குன்றம் கோயிலில், மேளம் இல்லாமல் முடித்துவிட்டார்கள். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு இப்படி ஒரு பெரிய மனசுக்காரி மாமியாராக வாய்த்தாளே என்று கண்டக்டர் மனைவி எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அழுதார்.

ஒரு மாதம் கழித்துப் பசுமலைக்குப் போனோம். பெரியவருக்குக் குழாய் மாற்றவேண்டிய நாள் தாண்டியிருந்தது. அன்றைக்கு மருந்துப்பெட்டியும் புதுக் காற்றுமெத்தையும் இருந்ததால் நானும் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். வாசல்படியில் அந்த அம்மா மறித்துக்கொண்டு நின்றார். கோபமில்லை, சிரித்த முகம்தான்.

"இனிமே நீங்க அலைய வேணாம் சிஸ்டர். வீட்டுலயே ஆள் வந்துருச்சு. கை பழகின பிள்ளை. அவ அப்பாவையே பாத்தவ, இவரைப் பாக்கமாட்டாளா?"

"அவரை ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்க்கா," என்றார் சிஸ்டர்.

உள் அறையில் ஜன்னல் அடைத்திருந்தது. பெரியவர் சுவரோரம் கிடந்தார். கட்டில் பக்கத்தில் கண்டக்டர் மகள் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் புது மஞ்சள்கயிறு, கையில் மூத்திரம் அளக்கிற குவளை. ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டாளாம். சிஸ்டர் தரையில் உட்கார்ந்தார். "ஐயா, நான் வரணுமா, வேணாமா? வரணும்னா இடது கையத் தூக்குங்க."

பெரியவர் வாசலில் நிற்கிற மனைவியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. இடது கை போர்வைமேல் கிடந்தது கிடந்தபடியே இருந்தது.

வழக்கமாக இந்த இடத்தில் சிஸ்டர் எழுந்துவிடுவார். அன்றைக்கு எழவில்லை. உட்கார்ந்தபடியே தலையை நிமிர்த்தி அந்தப் பெண்ணைப் பார்த்தார். படுக்கையில் இல்லாத ஒருவரிடம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"உனக்கும்மா? உனக்கு நான் வரணுமா?"

அவள் மாமியாரைப் பார்க்கவில்லை. குவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு என்ன சிஸ்டர்? நான் நல்லாத்தானே இருக்கேன்."